விலை போகாத நாளின் வாசம்

மகள் வாங்கிவந்த சென்ட்டை நேற்று ராத்திரி என் மணிக்கட்டில் ஒரு தரம் அடித்துவிட்டாள். மல்லிகை. கண்ணை மூடியதும் முதலில் வந்தது அப்பாவின் முகம். திண்ணையில், யாரோடும் பேசாமல்.

நிலக்கோட்டைக்குப் பக்கத்தில் எங்களுக்கு அரை ஏக்கர் பூந்தோட்டம். 1984-ல் எனக்குப் பதினாறு வயது. விடியுமுன்னே அம்மாவோடு மொக்குப் பறிக்கப் போவேன். தோட்டக்காரர் மகள் மணத்திலேயே வளர்ந்திருப்பாள் என்று காலேஜ் தோழிகள் பின்னால் பொறாமைப்பட்டார்கள். மொக்குக்கு ஏது மணம்? கையில் ஒட்டுவது இலை வாடையும் பனி ஈரமும்தான். குண்டுமல்லி பொழுது சாய்ந்தபிறகே விரியும், விரியும்போதுதான் மணக்கும். அதற்குள் எங்கள் பூ எடை போட்டு, கைமாறி, மதுரையில் யாரோ ஒருத்தியின் கொண்டைக்குப் போயிருக்கும். எங்கள் வீட்டில் மல்லிகை மலர வேண்டுமென்றால் அது விற்காமல் திரும்பி வர வேண்டும்.

சித்திரை, வைகாசி வெயிலில் செடி அள்ளிக் கொடுக்கும்; விலை தரையில் கிடக்கும். மார்கழியில் விலை ஏறும். செடியில் பூ இருக்காது. அப்படி ஒரு சித்திரையில் மார்க்கெட்டில் கேட்பாரில்லாமல் அப்பா மூட்டையைத் திருப்பிக் கொண்டுவந்தார். அம்மா ஈரத்துணியை விரித்துக் கொட்டினாள். வாழைநாரைத் தண்ணீரில் நனைத்து, இந்தப் பக்கம் ரெண்டு, அந்தப் பக்கம் ரெண்டு என்று வைத்து, விரலால் ஒரு சுண்டு சுண்டி முடிச்சை இறுக்குவாள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவள் கைக்குள் மொக்குகள் வாய் திறந்தன. ராத்திரி எட்டு மணிக்கு வீடே மணத்தது. பத்து முழத்தைத் தலையில் சுற்றிக்கொண்டு கண்ணாடியை விட்டு நகராமல் நின்றேன். அவ்வளவு சந்தோஷமாக இருந்தது எனக்கு.

“நாளைக்கு ரேட்டு ஏறும்ங்க,” என்றாள் அம்மா. திண்ணையிலிருந்து பதில் வரவில்லை.

அதே பூதான் 2013-ல் மதுரை மல்லி என்று புவிசார் குறியீடு வாங்கியது. தோட்டத்தை இப்போது தம்பி பார்க்கிறான். விலை விழுந்தால் “இன்னைக்கு சென்ட் ஃபேக்டரிக்குப் போட்டேன்க்கா” என்பான். மல்லிகை ஆவியில் காய்ச்சினால் கெட்டுவிடும். ஹெக்சேன் ஊற்றி மணத்தை இறக்குகிறார்கள். மெழுகு மாதிரி ஒன்று மிஞ்சும். அதை ஆல்கஹாலில் கழுவிப் பிரித்தால், ஆயிரம் கிலோ பூவுக்கு ஒரு கிலோவை ஒட்டித்தான் கடைசியில் தேறும். என் மணிக்கட்டில் இருந்த சொட்டில் எந்தத் தோட்டத்துப் பூ என்று எனக்குத் தெரியாது. ஆனால் மலிந்துபோன நாளில் ஒருவர் திண்ணையில் உட்கார்ந்திருப்பார் என்பது தெரியும்.

“ஏம்மா, புடிக்கலையா?” என்றாள் மகள்.

“ரொம்பப் புடிச்சிருக்குடி,” என்றேன். நிஜம்தான். அன்றைக்கு அப்பா பக்கத்தில் போய் உட்காரத் தோன்றவில்லையே என்பதை அவளிடம் சொல்லவில்லை.

இன்று காலையிலும் மணிக்கட்டு மணக்கிறது. அந்தச் சரங்கள் விடியும்போது பழுப்பேறிக் கிடக்கும். அம்மா கூட்டி அள்ளி எருக்குழியில் போட்டுவிட்டு, அடுத்த பறிப்புக்குக் கூடையை எடுப்பாள்.