சட்டிக்குள் சிவக்கும் நண்டு

கேள்வி–பதில்

கேள்வி: களப்பு நண்டைச் சட்டியில் போட்டால், கொச்சிக்காய்த்தூள் போட முன்னரே சிவந்துவிடுகிறது. உயிரோடு இருந்தபோது நீலமாகத்தானே இருந்தது? அந்த நீலம் எங்கே போனது?
— குடும்பத்தலைவி, இறக்கக்கண்டி

பதில்: நீலம் எங்கேயும் போகவில்லை அம்மா, கலைந்துவிட்டது. சிவப்பு முதலிலிருந்தே நண்டிடம் இருந்தது. அஸ்டாக்சாந்தின் என்பது அந்தச் செந்நிறப் பொருளின் பெயர். நண்டால் அதை அடியிலிருந்து உண்டாக்க முடியாது. பாசிகளில் தொடங்கி, பாசியைத் தின்னும் சிற்றுயிர்கள் வழியாக, சாப்பாட்டோடு ஓட்டுக்கு வந்து சேர்கிறது. நண்டு தன் பங்குக்குச் செய்வது ஒரு புரதம், கிரஸ்டசயனின் என்பார்கள். அதைச் செய்யும் விதம் நண்டின் பரம்பரையலகில் எழுதியிருக்கிறது. இந்தப் புரதம் செந்நிறப் பொருளை இறுக்கிப் பிடித்து, அதன் வடிவத்தைச் சற்றே மாற்றிவிடும். அப்படிப் பிடிபட்டிருக்கும்வரை அது உறிஞ்சும் ஒளி வேறு. நம் கண்ணுக்கு நீலம். சூடு பட்டதும் புரதத்தின் மடிப்புக் குலைகிறது, பிடி விடுகிறது, சிவப்பு தன் சொந்த நிறத்தோடு வெளியே வருகிறது.

இந்தப் பிடி எப்படி இருக்கிறது என்பதை, சிங்க இறாலின் புரதத்தைப் பளிங்காக்கி, 2002ஆம் ஆண்டு பிரித்தானிய ஆய்வாளர்கள் அணு அணுவாகக் காட்டினார்கள். அடுத்த முறை நண்டு வேகும்போது மூடியைத் திறந்து பாருங்கள். கால் நுனியும் ஓட்டின் மெல்லிய விளிம்பும் முதலில் நிறம் மாறும், தடித்த நடுப்பகுதி பிந்தும். சூடு போய்ச் சேரும் வழியிலெல்லாம் புரதம் குலைந்துகொண்டு போகிறது. பிறகு ஆறவிட்டாலும் நீலம் திரும்பாது. முட்டையின் வெள்ளைக்கரு வெந்தபின் பழையபடி தண்ணீராகாததும் இதே காரணத்தால்தான். புரதத்துக்கு வடிவம்தான் வேலை. வடிவம் போனால் வேலையும் போயிற்று.

கேள்வி: பரம்பரையலகு கருவுக்குள் இருக்கிறது, புரதம் கருவுக்கு வெளியே உண்டாகிறது என்று பாடமாக்கி வைத்திருக்கிறேன். ஆனால் விளங்கவில்லை. உள்ளே இருப்பவர் வெளியே எப்படி வேலை வாங்குகிறார்?
— உயர்தர உயிரியல் மாணவி, நிலாவெளி

பதில்: தங்கச்சி, கரையில் மீன் வாடி பார்த்திருப்பாய். முதலாளியின் கணக்குக் கொப்பி வாடியை விட்டு வெளியே போகாது. தேவையான வரியை மட்டும் ஒரு துண்டில் எழுதிக் கரைக்கு அனுப்புவார்கள். வேலை முடிந்ததும் துண்டைக் கிழித்துப் போடலாம், கொப்பி பத்திரமாக இருக்கும். டி.என்.ஏ. அந்தக் கொப்பி. தூது ஆர்.என்.ஏ. அந்தத் துண்டு. உவமை இவ்வளவுதான், இனி நடப்பதற்கு இணையான தொழில் எனக்குத் தெரிந்து எந்தக் கரையிலும் இல்லை.

தூது ஆர்.என்.ஏ. கருவைவிட்டு வெளியே வந்ததும் இறைபோசோம் அதைக் கவ்விக்கொள்கிறது. எழுத்துகளை மூன்று மூன்றாக வாசிக்கிறது. நான்கே எழுத்துகள், மூன்று மூன்றாகச் சேர்த்தால் 64 சேர்க்கைகள். அவற்றில் 61 அமினோ அமிலங்களைக் குறிக்கும், மீதி 3 ‘இங்கே நிறுத்து’ என்பவை. அமினோ அமிலங்களோ 20தான். ஆகவே ஒரே அமிலத்துக்குப் பல சேர்க்கைகள் உண்டு. எழுத்தொன்று பிழைத்தாலும் சில வேளைகளில் ஒன்றும் ஆகாமல் தப்பிவிடுவது அதனால்தான். உன் உடம்புக் கலமொன்றில் ஓர் இறைபோசோம் நொடிக்கு ஐந்தாறு அமினோ அமிலங்களைக் கோக்கிறது. நீ இந்தப் பந்தியை வாசிக்கும் நேரத்தில் ஈமோகுளோபினின் ஒரு சங்கிலி முழுதாக முடிந்திருக்கும்.

இந்த இறைபோசோமின் உருவத்தை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தவர்களில் ஒருவர் 1952இல் சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் இராமகிருஷ்ணன். தோமஸ் ஸ்டைட்ஸ், ஆடா யோனத் ஆகியோருடன் 2009இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றார். அவருடைய குழு 2000ஆம் ஆண்டில் பற்றீரியாவின் இறைபோசோமினுடைய சிறிய பாதியை அணு மட்டத்தில் வரைந்தது. அதில் டெட்ராசைக்கிளின் மருந்து எங்கே போய் உட்கார்கிறது என்பதையும் காட்டியது. வயலில் இறங்குகிறவர்களுக்கு எலிக்காய்ச்சல் வராமலிருக்கக் கொடுக்கிறார்களே டொக்சிசைக்கிளின், அதுவும் அந்தக் குடும்பத்து மருந்துதான். கிருமியின் இறைபோசோமில் போய் அடைத்து, அது புரதம் செய்வதை நிறுத்துகிறது. பாடப்புத்தகப் படத்தில் இரண்டு உருண்டையாக வரைந்திருக்கும் அந்தச் சாமான், உன் ஊர் விவசாயியின் உயிரோடு சம்பந்தப்பட்டது. அதை நினைத்துக்கொண்டு படி, மறக்காது.

கோத்த சங்கிலி மடிந்தால்தான் புரதம். அது எந்தக் கோணங்களில் திரும்பலாம், எந்தக் கோணத்தில் திரும்பினால் அணுக்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும் என்பதை 1963இல் கணக்கிட்டுப் படமாகத் தந்தவர் சென்னைப் பல்கலைக்கழகத்து ஜி.என். இராமச்சந்திரன், தன் சகாக்கள் இராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோரோடு. (இந்த இராமகிருஷ்ணன் வேறு, நோபல்காரர் வேறு.) இன்றும் உலகில் எந்த ஆய்வுகூடம் ஒரு புரதத்தின் வடிவத்தைக் கண்டாலும், அது சரிதானா என்று பார்க்க இராமச்சந்திரன் வரைபடத்தில் வைத்துப் பார்ப்பது வழக்கம். அதற்கு முன்னமே, 1950களின் நடுவில், கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து, தோலிலும் தசைநாணிலும் இருக்கும் கொலாஜன் மூன்று இழைகள் முறுக்கிய கயிறு என்று காட்டியவர் அவர். அதற்கு உதவியது கங்காரு வாலின் தசைநாண். சென்னையில் கங்காரு வால் கிடைத்ததா என்று கேட்காதே. தோல் ஆராய்ச்சி நிலையத்தில் கிடைத்தது.

கேள்வி: முப்பது வருடத் தொழில் எனக்கு. பெரிய கொடுவாவை வெட்டினால் சினைதான் இருக்கும். சின்னதை வெட்டினால் ஆண். கொடுவாவில் கிழவனே இல்லையா?
— வலைத்தொழிலாளி, இறக்கக்கண்டி

பதில்: சரியாகக் கண்டுபிடித்திருக்கிறீர்கள் அண்ணை. கிழவன் அநேகமாக இல்லை, கிழவியாகிவிடுகிறான். கொடுவா முதலில் ஆணாக முதிர்ந்து, சில வருடங்கள் கழித்துப் பெண்ணாக மாறும் மீன். நீங்கள் ஒரு வருடம் விட்டுப்போன ஆண்தான் பின்னொரு வருடம் சினையோடு உங்கள் வலைக்கு வருகிறது.

இதில் என்னை வியக்கவைப்பது, மாறிய மீனின் டி.என்.ஏ. எழுத்தில் ஒன்றுகூட மாறவில்லை என்பதுதான். ஆணாக்கும் பரம்பரையலகும் பெண்ணாக்கும் பரம்பரையலகும் இரண்டுமே அதன் உடலில் முதல் நாளிலிருந்து உண்டு. எது வாசிக்கப்படுகிறது என்பதே மாறுகிறது. அவுஸ்திரேலியாவில் கொடுவாவை வைத்து இதை ஆராய்ந்திருக்கிறார்கள். விந்தகத்தில், ஆண் ஓமோனைப் பெண் ஓமோனாக மாற்றும் நொதியத்துக்குரிய பரம்பரையலகின் மேல் மீதைல் என்ற சிறு இரசாயனக் கூட்டங்கள் நிறைய ஒட்டியிருக்கின்றன. ஒட்டினால் வாசிப்பு அடங்கும். சூலகத்தில் அங்கே குறைவு. ஆண்தன்மைக்குரிய பரம்பரையலகின் மேல்தான் அதிகம்.

நிலாவெளிக்கு எதிரே புறாத்தீவில், கடற்சாமந்திக்குள் ஒளிந்து விளையாடும் கோமாளி மீனும் இதே சாதிதான். பெண் செத்தால் பெரிய ஆண் பெண்ணாகிவிடும். களவாவுக்கு வழி எதிர்ப்பக்கம்: பெண்ணாகத் தொடங்கி ஆணாகும்.

இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், களப்பில் பெரிய கொடுவாவையே தேடித் தேடிப் பிடித்தால் போவது முட்டையிடும் தாய்கள். சின்ன கண்ணி வலையால் குஞ்சுகளை அரித்தால் போவது நாளைய தாய்களும்தான். கொடுவாவில் சின்னது, பெரியது இரண்டும் வேண்டும். இது உங்களுக்குத் தெரியாததல்ல. ஆனால் கண்ணி அளவைப் பற்றிச் சங்கத்தில் பேச்சு வரும்போது இந்தக் காரணத்தையும் எடுத்துச் சொல்லுங்கள்.

கேள்வி: சூரை மீன் சாப்பிட்ட ஒரு மணித்தியாலத்தில் முகம் சிவந்து, தலையிடித்து, நெஞ்சு படபடத்தது. அதே கடையில் வாங்கிய பக்கத்து வீட்டாருக்கும் அப்படித்தான். நன்றாக வேகவைத்தோமே!
— குச்சவெளி வாசகர்

பதில்: வேகவைத்ததால் கிருமி செத்தது, அது செய்து வைத்த நஞ்சு சாகவில்லை. சூரையின் தசையில் இசுத்திடீன் என்ற அமினோ அமிலம் மிகுதி. வெயிலில் கிடந்த மீனில் பெருகும் சில பற்றீரியாக்கள், அதை இசுத்தமீனாக மாற்றும் நொதியத்தைச் செய்கின்றன. அந்த நொதியத்தைச் சூடு குலைத்துவிடும். அதற்குள் உண்டான இசுத்தமீன் புரதமல்ல, சிறிய மூலக்கூறு; குலைவதற்கு அதில் மடிப்பே இல்லை. எண்ணெயில் பொரித்தாலும் நிற்கும். இதை மீன் ஒவ்வாமை என்று நினைத்து வாழ்நாள் முழுக்கச் சூரையை ஒதுக்க வேண்டியதில்லை. பிடித்த நேரத்திலிருந்து ஐஸில் இருந்த மீனை வாங்குங்கள். மறுபடி இப்படி வந்தால் ஆஸ்பத்திரிக்குப் போங்கள், என்ன மீன் என்பதையும் சொல்லுங்கள்.

கேள்வி: கண்ணா மரத்து இலையை நக்கினால் உப்புக் கரிக்கிறது. அது உப்புத் தண்ணீரில் நின்று வாழ்கிறது; என் நெல் வாழமாட்டேன் என்கிறது. மரத்தின் ஜீனை நெல்லுக்குக் கொடுக்க முடியாதா?
— விவசாயி, குச்சவெளி

பதில்: கொடுத்துப் பார்த்துவிட்டார்கள் ஐயா. சென்னை எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தில், கண்ணா மரத்தின் பரம்பரையலகுகளை எடுத்து நெல்லுக்குள் வைத்தார்கள். மரத்தின் எழுத்தை நெல் வாசித்துப் புரதம் செய்தது. நாமும் நண்டும் கண்ணாவும் நெல்லும் ஒரே மூன்றெழுத்து முறையில் வாசிப்பதால்தான் இது நடக்கிறது. ஆனால் அது வயலுக்கு வர நீண்ட காலம் பிடிக்கும். அதுவரை, கேரளத்துப் பொக்காளி நெல்லை ஒரு பெற்றோராக வைத்து அம்பலாந்தோட்டையில் உருவாக்கிய ஏ.ரி. 354 உவர் நிலத்துக்குத் தாக்குப்பிடிக்கும் இனம். விவசாயப் போதனாசிரியரிடம் கேளுங்கள்.

கேள்வி: மகனுக்கு என் தம்பியின் மகளையே பேசி முடித்திருக்கிறோம். குடும்பநல உத்தியோகத்தர் வந்து, ‘தலசீமியா பார்த்தீர்களா?’ என்று கேட்கிறார். இரண்டு பிள்ளைகளும் கல்லுப்போல இருக்கிறார்கள். சொந்தத்துக்குள் முடிக்கக்கூடாது என்கிறாரா?
— ஒரு தாய், இறக்கக்கண்டி

பதில்: அவர் அப்படிச் சொல்லவில்லை. சரியான நேரத்தில் சரியான கேள்வியைக் கேட்டிருக்கிறார், கோபிக்காதீர்கள்.

இரத்தம் சிவப்பாக இருப்பது ஈமோகுளோபினால். அதில் நான்கு சங்கிலிகள்: இரண்டு அல்பா, இரண்டு பீற்றா. பீற்றாச் சங்கிலிக்கு 146 அமினோ அமிலங்கள். அதற்குரிய பரம்பரையலகு 11ஆம் நிறமூர்த்தத்தில் இருக்கிறது. அது ஒரே தொடராக எழுதப்பட்டதல்ல. நடுவே இரண்டு இடத்தில் வேண்டாத பகுதிகள் வருகின்றன. தூது ஆர்.என்.ஏ. உண்டானதும் அவற்றை வெட்டி எடுத்து, வேண்டியதை ஒட்ட வேண்டும். இலங்கையில் அதிகம் காணப்படும் தலசீமியாப் பிழை, முதலாவது வேண்டாத பகுதியின் ஐந்தாவது எழுத்தில் இருக்கிறது. ஜி இருக்க வேண்டிய இடத்தில் சி. அந்த எழுத்து எந்த அமினோ அமிலத்தையும் குறிப்பதில்லை. வெட்டி எறியப்படும் எழுத்துதான். ஆனால் எங்கே வெட்டுவது என்பதற்கான அடையாளத்தில் அதுவும் ஒரு பகுதி. அது மாறியதும் வெட்டு பெரும்பாலும் இடம் தவறுகிறது. சரியான சங்கிலி சொற்பமாகவே உண்டாகிறது. அந்தக் குறைதான் தலசீமியா.

ஒவ்வொருவருக்கும் இந்தப் பரம்பரையலகு இரண்டு உண்டு, தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று. ஒன்று பிழைத்து மற்றது நன்றாக இருந்தால் அவர் காவி. கல்லுப்போல இருப்பார், வலை இழுப்பார், பிள்ளை பெறுவார். கணவன் மனைவி இருவருமே காவிகளானால்தான் ஆபத்து: ஒவ்வொரு பிரசவத்திலும் நான்கில் ஒரு பங்கு, பிள்ளைக்கு இரண்டு பிரதியும் பிழையாகலாம். முதல் பிள்ளைக்கு வந்துவிட்டது, இனி மூன்று பிள்ளைக்கு வராது என்று கணக்குப் போடாதீர்கள். ஒவ்வொரு முறையும் அந்த நான்கில் ஒன்று புதிதாகத் தொடங்கும். அப்படிப் பிறக்கும் பிள்ளைக்கு மாதாமாதம் இரத்தம் ஏற்ற வேண்டிவரும், அதனால் உடம்பில் சேரும் இரும்பை வெளியேற்ற மருந்தும் வேண்டும். குருநாகலில் இதற்கென்றே சிகிச்சை நிலையம் இருக்கிறது.

சொந்தம் எங்கே வருகிறது என்றால், மகன் காவியாக இருந்து, அது உங்கள் தாய் தந்தை வழியில் வந்ததாக இருந்தால், அதே பிழை மருமகளிடமும் இருக்கும் வாய்ப்பு அயலாரைவிட அதிகம். ஆனால் இரண்டு பேரில் ஒருவர் காவியில்லை என்று இரத்தம் சொல்லிவிட்டால், மாமன் மகள் என்பதற்காக இந்த நோய்க்குப் பயப்பட ஒன்றுமில்லை. பார்ப்பது முதலில் சாதாரண முழு இரத்தப் பரிசோதனை: செங்கலங்கள் அளவில் சிறுத்திருக்கின்றனவா என்று. சந்தேகமென்றால் ஈமோகுளோபினைப் பிரித்துப் பார்ப்பார்கள்.

நம் இரத்தத்தில் இந்தப் பிழை இவ்வளவு தங்கியதற்கு மலேரியாதான் காரணம். மலேரியா அடிக்கும் நாட்டில் காவிகளுக்கு ஒரு பாதுகாப்பு இருந்திருக்க வேண்டும் என்று 1949இல் எழுதியவர் ஜே.பி.எஸ். ஹோல்டேன், பிற்காலத்தில் இந்தியாவுக்கே குடிவந்தவர். திருகோணமலை மாவட்டத்துப் பெரியவர்களுக்கு அந்தக் குளிர்காய்ச்சலைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. இலங்கையில் உள்நாட்டுத் தொடர்பரவலால் கடைசியாக ஒருவருக்கு மலேரியா தொற்றியது 2012இல். 2016 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனம் மலேரியா இல்லாத நாடு என்று அறிவித்தது. நுளம்பு கொண்டுவந்த காய்ச்சல் போய்விட்டது. அதோடு போராடிய தலைமுறைகளின் தழும்பு பரம்பரையலகில் நிற்கிறது.

கேள்வி: அந்த ஓர் எழுத்தைத் திருத்த மருந்து வந்துவிட்டதாமே?
— அதே தாயின் மகன்

பதில்: வந்திருக்கிறது தம்பி, ஆனால் அந்த எழுத்தைத் திருத்தி அல்ல. தாயின் வயிற்றில் இருக்கும்போது நாம் எல்லோரும் வேறொரு ஈமோகுளோபினைச் செய்தோம். பிறந்த சில மாதங்களில் அதன் பரம்பரையலகு அடங்கிவிடுகிறது, அழிவதில்லை. அதை அடக்கி வைத்திருப்பது இன்னொரு புரதம். நோயாளியின் என்புமச்சைக் கலங்களை எடுத்து, அந்த அடக்கும் புரதத்தைக் குறைத்துத் திரும்ப வைத்தால், சிசுப்பருவத்து ஈமோகுளோபின் மறுபடி உண்டாகிறது. காஸ்கெவி என்ற இந்தச் சிகிச்சையை 2023 நவம்பரில் பிரித்தானியா முதன்முதலாக அனுமதித்தது. அமெரிக்காவில் அதன் விலை 22 இலட்சம் டொலர். உங்கள் இருவரின் இரத்தப் பரிசோதனையை அரச ஆஸ்பத்திரியில் கேட்டுச் செய்யலாம். நாள் குறிக்க முன்னர் இரண்டு பேரும் ஒன்றாகப் போய்க் கொடுத்துவிட்டு வாருங்கள்.