அரியலூர் சீமைக்கு ஒரு லினக்ஸ் லேப்டாப்

லினக்ஸ் போடுவதற்கென்று மலிவான லேப்டாப் தேடுவோருக்குப் பெரம்பலூர், அரியலூர் பக்கம் மூன்று இடங்கள் உண்டு: திருச்சிக் கடையில் புதியது, சென்னையிலிருந்து வரும் செகண்ட் ஹேண்ட், சொந்தக்காரர் வீட்டுப் பீரோ மேல் தூங்கும் கவர்மெண்ட் லேப்டாப். மூன்றாவதற்குக் காசு குறைவு, பேச்சுவார்த்தை அதிகம். பத்து வருடமாகத் தொடாத பொருளின் மேல் கேட்டவுடன் பாசம் பிறந்துவிடும்.

விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று, அண்ணா பிறந்தநாளில் தொடங்கியது. எல்காட் கொள்முதல் செய்து, பிளஸ் டூ மாணவர்களுக்கும் கல்லூரி மாணவர்களுக்கும் வழங்கப்பட்ட அந்தப் பெட்டிகளில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் இருந்தது. சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாக வைத்துச் சென்னையில் உருவாக்கியது பாஸ். ஆக, லினக்ஸ் எங்கே கிடைக்கும் என்று இன்று விசாரிக்கும் குடும்பத்துக்கு அரசாங்கமே அதை ஒருமுறை வீடு தேடிக் கொடுத்திருக்கிறது. வந்த வாரமே பலர் அதை அழித்தார்கள். பஸ் ஸ்டாண்டு ஓரத்துக் கடைக்காரர் சில நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு முழு வட்டிலும் விண்டோஸ் ஏற்றி, இலவச இணைப்பாக நாலு புதுப்படமும் போட்டுக் கொடுத்தார். இப்போது லினக்ஸ் ஏற்றித் தரவும் அவரேதான் கூலி வாங்குகிறார்.

இரண்டு ஓ.எஸ்.களையும் வைத்துக்கொள்ள விரும்புவோர் வட்டைப் பிரிக்க வேண்டும். பார்ட்டிஷன் என்றால் என்ன என்று இந்த வட்டாரத்துக்குத் தனியாக விளக்க வேண்டியதில்லை. 1995-இல் திருச்சியிலிருந்து பெரம்பலூர் பிரிந்தது. 2001-இல் பெரம்பலூரிலிருந்து அரியலூர் பிரிந்தது. 2002-இல் மறுபடி சேர்த்தார்கள். 2007-இல் மறுபடி பிரித்தார்கள். அத்தனைக்கும் பிறகு ஊர் அதே இடத்தில் இருக்கிறது. வட்டு அப்படியில்லை. பிரிக்கும்போது கை தவறினால் தங்கை கல்யாண ஆல்பம் திரும்பி வராது. முதலில் எல்லாவற்றையும் வேறொரு டிஸ்க்கில் நகலெடுத்து வைத்துக்கொள்வது உத்தமம்.

செகண்ட் ஹேண்டில் வாங்குவோருக்கு இது நல்ல காலம். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. விண்டோஸ் 11, இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்கு மேற்பட்ட சிப்பையே ஏற்கும். அதனால் கம்பெனிகள் கழித்துவிட்ட ஆறாம், ஏழாம் தலைமுறை திங்க்பேட், லேட்டிட்யூட், எலீட்புக் பெட்டிகள் விலை இறங்கிக் கிடக்கின்றன. மைக்ரோசாஃப்ட் தகுதியில்லை என்று தள்ளிய இந்தப் பெட்டியில் லினக்ஸ் மின்ட் தாராளமாக ஓடும். 8 ஜி.பி. ரேமும் எஸ்.எஸ்.டி.யும் இருந்தால் போதும். சுழலும் பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி எஸ்.எஸ்.டி. மாட்டுவதற்குச் செலவிடும் பணம்தான் மொத்தத்திலும் உருப்படியான செலவு. 32 பிட் பெட்டி என்றால் கும்பிட்டுவிட்டு நகரலாம். 2025-இல் வந்த டெபியன் 13-உம் அதற்கான நிறுவியைக் கைவிட்டுவிட்டது.

இந்தக் கட்டத்தில் ஐ.டி.யில் வேலை பார்க்கும் அத்தை மகனிடம் யோசனை கேட்பது மரபு. டி.என்.பி.எஸ்.சி. பி.டி.எஃப். படிக்கவும் பயோடேட்டா அடிக்கவும்தான் என்று சொன்னாலும், அவர் கிராஃபிக்ஸ் கார்டு இல்லாமல் எதையும் வாங்கச் சொல்ல மாட்டார். மரியாதையாகக் கேட்டுக்கொண்டு போனை வைத்துவிடலாம்.

உண்மையில் பார்க்க வேண்டியது வைஃபை சிப்பை. இன்டெல் என்றால் பெரும்பாலும் தானாக வேலை செய்யும். பிராட்காம் சிப்புகள் சிலவற்றுக்கு டிரைவரைத் தனியாக இறக்க வேண்டும். இறக்க இணையம் வேண்டும். இணையம் வர அந்த டிரைவர் வேண்டும். போனைக் கேபிளில் இணைத்து யு.எஸ்.பி. டெதரிங் போட்டால் இந்தச் சிக்கல் அவிழும். இதைத் தெரியாமல் லேப்டாப்பையே விற்றவர்கள் உண்டு. அந்த லேப்டாப்புகளைக் குறைந்த விலைக்கு வாங்கலாம்.

கடைக்குப் போகும்போது மின்ட் ஏற்றிய பென் டிரைவைச் சட்டைப்பையில் வைத்திருப்பது நல்லது. நிறுவாமலேயே அதிலிருந்து ஓட்டிப் பார்க்கலாம். டெல், லெனோவோ பெட்டிகளில் எஃப் 12, எச்.பி.யில் எஃப் 9. ஏசரில் எஃப் 12-ஐ முதலில் பயாஸுக்குள் போய் அனுமதிக்க வேண்டும். வைஃபை, ஒலி, கேமரா, மூடித் திறந்தால் விழிக்கிறதா என்பது வரை பார்த்துவிட வேண்டும். கடைக்காரர் முகம் போகிற போக்கைப் பார்க்கக் கூடாது. சார்ஜரைக் கழற்றிவிட்டுப் பேரம் பேசினால் பேட்டரியின் யோக்கியதையும் தெரிந்துவிடும். ஃபேன் சத்தத்தையும் கேட்க வேண்டும். சிமெண்ட் லாரி போகும் சாலையோர வீட்டில் இருந்த பெட்டி என்றால் அரியலூரின் சுண்ணாம்புக்கல்லில் ஒரு பங்கு உள்ளே இருக்கும்.

கடைசியாகத் தமிழ். தமிழ்99 விசைப்பலகை லினக்ஸின் அமைப்புகளிலேயே உண்டு; தேர்ந்தெடுத்தால் போதும். தொல்லை தருவது பழைய கோப்புகள். தமிழ்நாடு அரசு 2010-இலேயே யூனிகோடை ஏற்றது என்றாலும், வானவில் எழுத்துருவில் அடித்த ஆவணங்கள் இன்னும் நடமாடுகின்றன. லிப்ரே ஆஃபிஸில் திறந்தால் தாலுகா ஆபீஸ் மனு மந்திரவாதியின் தகடு போலத் தெரியும். பழி லினக்ஸ் மேல் விழும். வானவில் எழுத்துருவை நிறுவிவிட்டு அதே கோப்பை மறுபடி திறந்தால், மனுதாரர் பெயர் முதல் சர்வே எண் வரை ஒழுங்காகப் படிக்கலாம்.