ஆகாசத்துல கிடை போடப் போறவனுக்கு

பேராண்டி, உன் நோட்டை உன் தங்கச்சி வாசிக்கக் கேட்டேன். நீயும் உன் சேக்காளிகளும் ஆளுக்கொரு ஜனத்தை எடுத்துக்கிட்டு, முறை வச்சு ஒரு ஆகாசக் கதை கட்டுறீகளாம். ரோல்பிளேன்னு பேராம். ஒருத்தன் பேரரசாம், ஒருத்தி கொள்ளைக்காரியாம், உனக்கு வாச்சது நாடோடியாம். சந்தோசம். வாழ்நாள் பூராம் செம்மறி பத்துன கிழவன் திண்ணையிலேயே கிடக்கேன். நாடோடி எப்படி இருப்பான்னு நீ செல்லுல தேடியிருக்கே பாரு, அந்த அடக்கத்தை மெச்சணும்.

"எல்லையும் தேவையும் அற்றவர்கள், விண்மீன்களின் அழைப்பே அவர்களின் பாதை"ன்னு முதப் பக்கத்துல எழுதியிருக்கே. எந்த விண்மீன்டா கூப்பிட்டுச்சு? எங்களை ஒரு காலத்திலயும் ஒண்ணும் கூப்பிட்டதில்லை. ராமநாதபுரத்துச் சீமையில புல்லு கருகுச்சு, கிளம்புனோம். தஞ்சாவூர்ப் பக்கம் தை மாசி அறுப்பு முடிஞ்சு வயல்ல தாள் நிக்கும், அங்கே போனோம். மழை இறங்குனா திரும்புனோம். வருசா வருசம் அதே வழி, அதே கண்மாய். எந்த ஊர்ல நாய் பொல்லாதது, எந்தக் குடியானவர் நெல்லு அளக்கையில மரக்காலைத் தலைதட்டி அளப்பாரு, எந்த வாய்க்கால்ல குட்டி இறங்கினா கழியும்னு, ஆட்டுக் கூட்டத்துக்குத் தலைவனான கீதாரி மண்டைக்குள்ள மொத்த வழியும் இருக்கும். கால் போன போக்குல போனா ஆடு செத்துப்போகும். நீ எழுதியிருக்கிறவன் நாடோடி இல்லை, வழிதப்புனவன்.

அதனால முதல்ல வழியைப் போடு. பால்வெளி பூராம் சுத்துறாங்கன்னு அளக்காதே. 1977-ல வாயேஜர் 1-ன்னு ஒண்ணை விட்டாங்களே, நொடிக்கு 17 கிலோமீட்டர் போகுது. பக்கத்து வீட்டு நட்சத்திரம் 4.24 ஒளியாண்டு தூரம். அந்த வேகத்துல அங்கே போய்ச் சேர எழுபதாயிரம் வருசத்துக்கு மேல ஆகும். உன் நாடோடி அதுக்குள்ள எதை மேய்ச்சு எதைத் திம்பான்? உன் ஆளுக ஒளியை முந்துற கப்பல் வச்சிருக்காங்கன்னு சொல்லுவே. வச்சுக்க, உன் கதை. ஆனா அப்படிப் பறக்குறவனுக்கு எல்லா ஊரும் அடுத்த தெரு. அடுத்த தெருவுக்குப் போயிட்டு வர்றவனை யாரும் நாடோடின்னு சொல்றதில்லை, பால்காரன்னுதான் சொல்லுவாங்க.

நான் உன் இடத்துல இருந்தா இந்தச் சூரியனைச் சுத்தியே கிடையைப் போடுவேன். இங்கேயே பருவம் இருக்கு. பூமியில இருந்து செவ்வாய்க்குத் தோதா கிளம்பணும்னா 26 மாசத்துக்கு ஒருக்காத்தான் வாசல் தொறக்குமாம். விட்டா அடுத்த வாசல் வரைக்கும் உக்காந்திருக்கணும். வால்வெள்ளின்னா பனிக்கட்டியும் தூசியும். உன் ஆளுகளுக்கு அதுதான் கண்மாய். ஹாலி 1986-ல வந்துச்சு, இனி 2061-ல வரும். "அந்தத் தண்ணியை எங்க அப்பத்தா குடிச்சா, எம் பேத்தி குடிப்பா, எனக்குக் குடுத்து வைக்கலை"ன்னு ஒரு கிழவி கப்பலுக்குள்ள பொலம்பட்டும். உன் நோட்டுல கப்பல் நீளம் பதினோரு பக்கத்துக்கு இருக்கு. அதைக் கிழிச்சுட்டு அந்தக் கிழவியை வை.

அடுத்து அந்தத் 'தேவையற்றவர்கள்'. இதைத்தான் என்னால சகிக்க முடியலை.

அமெரிக்காவுல அரிசோனான்னு ஒரு வறட்டுச் சீமை. அங்கே 1991-ல மூணு ஏக்கருக்குக் கண்ணாடிக் கூடாரம் கட்டி, எட்டுப் பேரை உள்ளே விட்டுக் கதவைச் சாத்துனாங்க. பயோஸ்பியர் 2-ன்னு பேரு. ரெண்டு வருசத்துக்கு வெளியில இருந்து மூச்சுக்காத்துகூட வாங்கக் கூடாது. ஆடு, கோழி, தோட்டம், குட்டிக் கடல் எல்லாம் உள்ளேயே இருந்துச்சு. வளமா இருக்கட்டும்னு நல்ல எருமண்ணாக் கொட்டி வச்சாங்க. அந்த மண்ணுல இருந்த நுண்ணுயிர் ஆக்சிஜனைத் தின்னுச்சு. அது விட்ட கரியமிலவாயு செடிக்குப் போய்ச் சேராம, ஒரு பங்கைக் கான்கிரீட் சுவரு இழுத்துக்கிச்சு. 21 சதவீதம் இருக்க வேண்டிய ஆக்சிஜன் பதினாறு மாசத்துல 14 சொச்சத்துக்கு இறங்கி, மாடிப்படி ஏறவே மூச்சு வாங்குன நிலைமையில, 1993 ஜனவரியில வெளியே இருந்து ஆக்சிஜன் ஏத்துனாங்க. மகரந்தம் சேர்க்குற ஜீவனெல்லாம் செத்துச்சு, கரப்பான் மட்டும் பல்கிப் பெருகுச்சு. உள்ளே இருந்த எட்டுப் பேரும் நாலு நாலாப் பிரிஞ்சு முகத்தைத் திருப்பிக்கிட்டாங்க. எட்டுப் பேருக்கே ரெண்டு கட்சி. உன் கப்பல்ல அஞ்சு லட்சம் பேரு 'ஒரே மனமாய்' வாழுறாங்களாம். பஞ்சாயத்துத் தேர்தல் நடக்குறப்போ நீ ஊருக்கு வந்து ரொம்ப நாளாச்சுன்னு நினைக்கேன்.

மேல சுத்துற சர்வதேச விண்வெளி நிலையத்துல வேர்வை, மூத்திரம் எல்லாத்தையும் வடிச்சுத் திரும்பக் குடிக்கிறாங்க. நூத்துக்கு 98 பங்கு தண்ணியை மீட்டாச்சுன்னு 2023-ல நாசா மார்தட்டுச்சு. தட்டட்டும், பெரிய வேலைதான். ஆனா நீ மிச்சம் ரெண்டு பங்கைப் பாரு. அந்த ரெண்டுக்காகத்தான் உன் ஜனம் எவன் வாசல்லயாவது போய் நிக்கணும். நின்னாத்தான் வாசலுக்கு உள்ளே இருக்கிற உன் சேக்காளிக்கு எழுத ஒரு வரி கிடைக்கும். ஒண்ணும் வேண்டாதவனோட என்னத்தைப் பேசுறது?

எங்களுக்கு வேண்டியது நெல்லும் காசும் புல்லும். பதிலுக்கு நாங்க குடுத்தது என்னன்னு நினைக்கே? புழுக்கை. வெக்கப்படாதே. பகல்ல மேஞ்ச ஆட்டை ராத்திரி ஒருத்தர் வயல்ல வலை கட்டி அடைப்போம், அதுதான் கிடை. விடியுறதுக்குள்ள புழுக்கையும் மூத்திரமும் அந்த மண்ணுல இறங்கிரும். ஆட்டுத் தலைக்கணக்குக்கும் ராத்திரிக் கணக்குக்கும் கூலி. மறுநாள் பக்கத்து வயல். எங்க ஆட்டுக்குக் கழிவு, அவுக வயலுக்கு உசுரு. மூக்கைப் பொத்திக்கிட்டே வந்து "இன்னும் ரெண்டு நாள் தங்கிட்டுப் போங்க கீதாரி"ம்பாங்க.

உன் ஜனத்தோட புழுக்கை எது? அதைக் கண்டுபிடிச்சா உன் நாகரிகம் பாதி முடிஞ்சுச்சு. ஒண்ணு வேணா நான் தாரேன், கடனா இல்லை, இனாமா. 2008-ல பீனிக்ஸ்னு ஒரு எந்திரம் செவ்வாயில இறங்கி மண்ணைக் கிண்டிப் பார்த்துச்சு. பெர்குளோரேட்டுன்னு ஒரு உப்பு கலந்து கிடக்கு, தைராய்டுக்கு ஆகாது. அங்கே கிடக்கிறது மண்ணே இல்லை, வெறும் தூசி. அங்கே கூடாரம் போட்டுக் குடியேறுன ஜனத்துக்கு எல்லாம் இருக்கும், உசுருள்ள மண்ணு மட்டும் இருக்காது. உன் நாடோடிக் கப்பல்ல தலைமுறை தலைமுறையா மக்கவச்ச எருமண்ணு இருக்கட்டும். அந்த உப்பைத் திங்கிற நுண்ணுயிர் நிசமாவே உண்டு, அதையும் அதுக்குள்ள வளர்க்கட்டும். வாசல் தொறக்குற பருவத்துல வந்து, ஒரு கூடாரத்து மேல கிடை போட்டு, மண்ணை இறக்கிட்டு, பதிலுக்கு மருந்தும், கப்பல்ல செய்ய முடியாத சிப்பும் வாங்கிட்டுப் போகட்டும். அவுக வந்தா நாறும். வரலைன்னா சோறு இருக்காது. இப்போ பேரரசு எழுதுற உன் சேக்காளியைக் கேளு, அவனுக்கு எழுத எம்புட்டு இருக்குன்னு.

முன்னாடி எழுதுனவுக இதைப் புரிஞ்சுக்கிட்டவுகதான். ஜேம்ஸ் பிளிஷ்னு ஒரு அமெரிக்கர் 1950-கள்லயே நியூயார்க் பட்டணத்தைப் பேத்து ஆகாசத்துல பறக்கவிட்டாரு. சுத்திப் பார்க்க இல்லை. கிரகம் கிரகமாக் கூலிவேலை தேடி. 1930-கள்ல வறட்சியில ஓக்லஹோமாவை விட்டுப் பஞ்சம் பொழைக்கக் கிளம்புன ஜனத்தைப் பார்த்து அப்படிப் பறந்த பட்டணங்களுக்குப் பேரு வச்சாரு. மாஸ் எஃபெக்ட்னு நீ ஆடுறியே, 2007-ல வந்த ஆட்டம், அதுல குவாரியன்னு ஒரு ஜனம் கப்பல் கூட்டமா அலையும். வயசுக்கு வந்த பிள்ளை தனியா வெளியே போய், பிரயோசனமா ஒண்ணைக் கொண்டுவந்து குடுத்தாத்தான் வேறொரு கப்பல்ல சேர்த்துக்கிடுவாங்க. அந்த ஒரு வழக்கத்துல அந்த ஜனத்தோட வறுமை மொத்தமும் தெரியுது. பெக்கி சேம்பர்ஸ் 2018-ல எழுதுன கதையில, கப்பல்ல செத்தவுகளை மக்கவச்சுத் தோட்டத்துக்கு எருவாப் போடுறாங்க. எந்தக் கீதாரியும் அந்தம்மாவைக் கிடைக்குள்ள சேர்த்துக்கிடுவான்.

கல்யாணத்தை நீ தொடவே இல்லை. வயசு அப்படி, விடு. ஆனா கணக்குப் போட்டவுக இருக்காக. பல தலைமுறை போற பயணத்துக்கு 98 பேரு போதும்னு 2018-ல ஒரு ஆராய்ச்சி சொல்லுச்சு. அதுக்கு முந்தி 2014-ல இன்னொருத்தரு 14,000-ல இருந்து 44,000 வரைக்கும் வேணும்னாரு. 98 பேருன்னா யாரு யாரைக் கட்டணும்னு கம்ப்யூட்டருதான் சொல்லணும். மாமன் மகளைக் கட்டுவியா மாட்டியான்னு ஒரு பெட்டி தீர்ப்புச் சொல்லுறதை யோசிச்சுப் பாரு, உங்க அத்தை சும்மா விடுவாளா? கூட்டம் கூட்டமாப் பிரிஞ்சு போன கப்பலெல்லாம் எங்கேயோ ஒரு இடத்துல சேரணும். அங்கேதான் பொண்ணு பார்க்குறதும், கிடா வாங்குறதும், பழைய பகையைத் தீர்க்குறதும். அந்தத் திருவிழாவை எழுதி வை. கொள்ளைக்காரி அங்கேதான் நுழையணும்னு அவளுக்கே தோணும்.

பேரரசுக்காரனுக்கு இன்னொரு சரக்கும் இருக்கு. ஒரு இடத்துல நிக்காதவனைக் கண்டா அரசாங்கத்துக்கு எப்பவும் வயித்தைக் கலக்கும். வெள்ளைக்காரன் 1871-ல குற்றப்பரம்பரைச் சட்டம் போட்டான். 1911-ல அதை மதராஸ் மாகாணத்துக்கும் இழுத்தான். பொறந்ததே குத்தம்னு எழுதி வச்சு, ராத்திரி எங்கே படுத்தேன்னு போய்க் கைநாட்டு வைக்கச் சொன்னான். நாடு பூராவும் அது ஒழிஞ்சது 1952-ல. அலைஞ்ச ஜனங்க நிறைய அந்தப் பட்டியல்ல மாட்டுச்சு. உன் சேக்காளி லேசர் பீரங்கி ஏதோ வரைஞ்சிருக்கானாம். அதைக் கீழே வைக்கச் சொல்லு. ஒரு மேசை, ஒரு பதிவேடு, கொட்டாவி விடுற ஒரு குமாஸ்தா. அவன்கிட்ட உன் ஜனம் வரிசையில நின்னு கை ரேகை வைக்கட்டும். பீரங்கியைவிட அதுக்குத்தான் பயப்படுவாங்க.

அப்புறம் வட்டி. நீ எழுத மறந்தாலும் குடுத்தவன் மறக்க மாட்டான். ஒளியோட வேகத்துல 99 சதவீதம் போற கப்பல்ல ஒரு வருசம் கழிஞ்சா, தரையில ஏழு வருசம் கழிஞ்சிருமாம். ஒருத்தன் செவலைக் கிடா வாங்கக் கடன் வாங்கிட்டுக் கப்பல் ஏறி, அவன் கணக்குல அஞ்சு வருசம் கழிச்சு வர்றான்; ஊர்ல முப்பத்தஞ்சு வருசம் ஓடியிருக்கு. வட்டி எந்தக் கடிகாரத்துல? நான் விளையாட்டுக்குக் கேட்கலை. பால் குரூக்மன்னு ஒரு பொருளாதாரக்காரரு, 2008-ல நோபல் வாங்குனவரு, இளவட்டமா இருந்தப்போ 1978-ல இதுக்குன்னே ஒரு கட்டுரை எழுதுனாரு. பாதி கிண்டல், கணக்கு மட்டும் சுத்தம். தரைக் கடிகாரப்படிதான் வட்டின்னு தீர்ப்பு. எங்க ஊர் லேவாதேவிக்காரருக்கு இது நோபல் வாங்காமலே தெரிஞ்சிருக்கும். கப்பலைவிட்டு இறங்குனவன் எதிர்ல, கடன் குடுத்தவரோட பேரன் நோட்டை விரிச்சுக்கிட்டு உக்காந்திருக்கட்டும்.

சேர்ந்து எழுதையில ஒரு ஒழுங்கு வேணும். உன் முறை வர்றப்போ உன் ஆளு என்ன செஞ்சான்னு மட்டும் எழுது. "அதைக் கண்ட பேரரசன் நடுநடுங்கினான்"னு நீயே எழுதிட்டா அவன் எதுக்கு இருக்கான்? நடுங்குறதும் சிரிக்கிறதும் அவன் பாடு. அடுத்தவன் பட்டிக்குள்ள தொரட்டியை நீட்டக் கூடாது. உன் ஜனம் சண்டையில ஜெயிச்சுக்கிட்டே இருந்தாலும் ஆகாது. ரெண்டு வாரத்துல சேக்காளிக எல்லாம் பரீட்சை இருக்குன்னு கழண்டுக்கிடுவாங்க. உங்க அப்பன் சீட்டாடுனப்பவும் இதே கதைதான்.

எல்லாம் எழுதுனதுக்கப்புறம் எனக்கும் ஒரு கேரக்டர் குடு. கிழட்டுக் கீதாரி, முட்டிவலி, வாய்த்துடுக்கு, வால்வெள்ளி வர்ற நேரம் மட்டும் வாய்ப்பாடாத் தெரியும். சாகடிக்கிறதுன்னா முன்கூட்டியே சொல்லிரு, கறிச்சோறு சாப்பிட்டுட்டுச் சாகுறேன். கூலி மாசம் ஒரு பொகையிலைக் கட்டு. பாக்கி வச்சா தரைக் கடிகாரப்படி வட்டி.