ஜப்பானில் 'ஹாஃபு'வாகக் காலம் தள்ளுவது எப்படி?

அப்பா அல்லது அம்மா வெளிநாட்டவர். மற்றபடி நீங்கள் பிறந்தது, படித்தது, பல் முளைத்தது எல்லாம் ஜப்பானில்தான். அங்கே உங்களுக்குப் பெயர் 'ஹாஃபு', அதாவது 'பாதி'. கவலை வேண்டாம். கீழ்க்காணும் விதிகளைக் கடைப்பிடித்தால் யார் மனமும் கோணாது.

1. பாராட்டை மறுக்காதீர்கள். ரயிலில் பக்கத்து இருக்கைப் பாட்டி, "ஜப்பானிய மொழி என்னமாய்ப் பேசுகிறீர்கள்!" என்பார். எனக்கு வேறு மொழியே தெரியாது என்று சொல்லிவிட்டால் அவர் முகம் வாடிவிடும். "ஏதோ கொஞ்சம்" என்று தலை குனியுங்கள். சாப்ஸ்டிக் பிடிப்பதற்கும் நாட்டோ என்னும் புளித்த சோயாவைத் தின்பதற்கும் கிடைக்கும் பாராட்டுக்கும் இதே பதில்தான்.

2. "எந்த ஊர்?" என்றால் "சைதாமா" என்று ஜப்பானிய ஊரைச் சொல்வது பதிலாகாது. "அது சரி, சொந்த ஊர்?" என்று தொடர்வார்கள். அப்பாவும் அம்மாவும் சந்தித்த கதையைச் சுருக்கி மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். அடுத்த கேள்வி அதுதான்.

3. தலைமுடிக்கு ஆதாரம் வைத்திருங்கள். செம்பட்டையும் சுருட்டையும் பிறவியிலேயே வந்தவை என்று பெற்றோர் முத்திரையிட்ட சான்றிதழைத் தோக்கியோவின் அரசு உயர்நிலைப் பள்ளிகள் பல கேட்டு வாங்கின. சிறுவயதுப் புகைப்படம் கேட்ட பள்ளிகளும் உண்டு. ஆகவே, தவழும் பிள்ளையைப் படமெடுக்கும்போது தொப்பியைக் கழற்றிவிடுங்கள்.

4. அழகாக இருங்கள், ஆனால் அளவோடு. 'ஹாஃபு முகம்' வரவழைக்கும் ஒப்பனைக்கு அங்கே கிராக்கி உண்டு. ஆனால் அதைப் போட்டுக்கொள்பவர்கள் ஆசைப்படுவது வெள்ளைக்காரச் சாயல் முகத்துக்கு. 2015இல் மிஸ் யுனிவர்ஸ் ஜப்பான் ஆன அரியானா மியாமோத்தோவின் அப்பா கறுப்பின அமெரிக்கர். 2016இல் மிஸ் வேர்ல்ட் ஜப்பான் ஆன பிரியங்கா யோஷிகாவாவின் அப்பா இந்தியர். இருவரையும் பார்த்து, ஜப்பானியக் களை இல்லையே என்று முணுமுணுத்தவர்கள் பலர்.

5. ஜெயித்துக்கொண்டே இருங்கள். ஜப்பானிய அம்மாவுக்கும் ஹெய்ட்டி அப்பாவுக்கும் பிறந்த நவோமி ஒசாகா 2018இல் அமெரிக்க ஓப்பன் டென்னிஸ் பட்டம் வென்றதும் நாடே கொண்டாடியது. அடுத்த ஜனவரியில் ஒரு நூடுல்ஸ் நிறுவனம் தன் விளம்பரக் கார்ட்டூனில் அவரை வெளுப்பாக வரைந்து, பிறகு மன்னிப்புக் கேட்டது. 2021இல் தோக்கியோ ஒலிம்பிக் தீபத்தை ஏற்றியவரும் அவரே. அதே ஒலிம்பிக்கின் மூன்றாம் சுற்றில் தோற்றதும், 'இவர் ஜப்பானியர்தானா?' என்ற கேள்வி இணையத்தில் முளைத்துவிட்டது. எனவே தோற்காதீர்கள்.

6. பாஸ்போர்ட்டை நம்பி ஏமாறாதீர்கள். பிறப்பால் இரு குடியுரிமை உள்ளவர் 20 வயதுக்குள் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது சட்டம். நீங்கள் ஜப்பானையே தேர்ந்தெடுக்கலாம். ஆனால் அந்தச் செய்தி எதிரில் இருப்பவருக்கு எட்டாது.

ஜப்பானில் பிறக்கும் குழந்தைகளில் சுமார் 50க்கு ஒன்று இப்படி வெளிநாட்டு அப்பாவுக்கோ அம்மாவுக்கோ பிறக்கிறது. அந்த ஒரு குழந்தைக்கு ஆறு விதிகளைப் புகட்டுவதைவிட, மற்ற 49 பேருக்கு ஒரே ஒரு விதியைச் சொல்லித்தருவது சுலபம்: ஒருவர் சைதாமா என்றால், சைதாமா என்றே நம்புங்கள்.