பியோனிக்காரர்

பியோனிக்காரர் அமெரிக்காவின் நடுமேற்கு மாநிலங்களில், குறிப்பாக இந்தியானா, மிச்சிகன், மினசோட்டா பகுதிகளில் பரவலாகக் காணப்படுகிறார். வயது பெரும்பாலும் அறுபதைத் தாண்டியிருக்கும். ஆணாகவும் இருக்கலாம், பெண்ணாகவும் இருக்கலாம். முழங்காலில் மண் அப்பிய கால்சட்டை இருபாலருக்கும் பொது. வீட்டு முன்புறத்தில் புல்வெளி ஒடுங்கி, பாத்திகள் பெருத்து, பாத்தி நெடுகப் பெயர்ப்பட்டைகள் குத்தி நின்றால் உள்ளே குடியிருப்பவர் இவர்தான். பியோனி என்ற பூச்செடியோடு ஐரிஸ் என்ற இன்னொரு பூச்செடியையும் வளர்ப்பதால் இவரை ஐரிஸ்காரர் என்று அழைப்பதிலும் பிழையில்லை. ஆனால் அப்படி அழைத்தால் முகம் சுண்டிவிடும். வீட்டில் இரண்டு பிள்ளைகள் இருந்தால், எந்தப் பிள்ளை பெயரால் அப்பா அறியப்பட வேண்டும் என்பதில் அவருக்கென்று ஒரு விருப்பம் இருக்கத்தானே செய்யும்.

இவருடைய வாழிடத்தைத் தீர்மானிப்பது குளிர். பியோனி பனிக்காலத்தில் பல வாரங்கள் நன்றாகக் குளிர்ந்து உறங்கினால்தான் அடுத்த பருவத்தில் மொட்டு வைக்கும். மைனஸ் 35 டிகிரி செல்சியஸ் வரை போனாலும் மண்ணுக்கடியில் கிழங்கு பிழைத்துக் கிடக்கும். நம் சமவெளியில் என்ன பாடுபட்டாலும் பியோனி பூக்காததற்கு அந்தக் குளிர் இல்லாததே காரணம். ஆகவே ஜனவரியில் ஊரே பனியை வாரிக் கொட்டிக்கொண்டு சபிக்கும்போது, பியோனிக்காரர் மட்டும் சன்னலோரம் காப்பிக் கோப்பையோடு நின்று திருப்தியாகப் பார்த்துக்கொண்டிருப்பார். ஓய்வு பெற்றவர்கள் வெயிலைத் தேடி ஃபுளோரிடாவுக்குக் குடிபெயர்வது அந்த நாட்டு வழக்கம். இவர் போக மாட்டார். மருத்துவர் இங்கேதான் இருக்கிறார், நண்பர்கள் இங்கேதான் இருக்கிறார்கள் என்று காரணம் சொல்வார். பிள்ளைகள் வற்புறுத்தித் தெற்கே போய்விட்ட சிலர், குளிர்காலத்தில் பாத்தியின் மேல் ஐஸ் கட்டிகளைக் கொட்டிச் செடியை ஏமாற்றப் பார்ப்பதுண்டு. செடி அவ்வளவு எளிதில் ஏமாறுவதில்லை.

இந்தியானாவில் வாழும் பியோனிக்காரருக்கு அரசு ஆதரவும் உண்டு. 1931 முதல் மாநில மலராக இருந்த ஜின்னியாவை இறக்கிவிட்டு 1957இல் பியோனியை அந்த இடத்தில் உட்காரவைத்தது அம்மாநிலச் சட்டமன்றம். டென்னசி 1933இலேயே ஐரிஸை ஏற்றுக்கொண்டது. ஆனால் டென்னசி பற்றி இவரிடம் யாரும் கேட்பதில்லை.

இந்த இனத்தை அடையாளம் காட்டும் எண் 2 அங்குலம். பியோனிக் கிழங்கின் தலையில் இளஞ்சிவப்பாகத் துருத்திக்கொண்டிருக்கும் முளைக்கண்கள் மண்ணுக்குக் கீழே 2 அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது. போனால் செடி பிழைக்கும், இலை தழைக்கும், பூ மட்டும் வராது. செப்டம்பரில் நடும்போது குழியின் குறுக்கே ஒரு கட்டையைப் போட்டு, கட்டையிலிருந்து கண் வரைக்கும் அடிக்கோலை விட்டு அளப்பார். மண்ணைத் தள்ளித் தண்ணீர் ஊற்றுவார். மண் அமரும்போது கிழங்கும் சேர்ந்து அமர்ந்திருக்குமே என்ற சந்தேகம் அப்போதுதான் வரும். ஆள்காட்டி விரலால் மெல்லத் தோண்டிப் பார்ப்பார். இரண்டேகால். அத்தனை மண்ணையும் வெளியே அள்ளிவிட்டு முதலிலிருந்து தொடங்குவார். மனைவி சமையலறைச் சன்னலைச் சாத்திவிடுவார்.

இதன் விளைவாக உலகத்து வருத்தங்கள் எல்லாவற்றுக்கும் இவரிடம் ஒரே கேள்விதான்: “எவ்வளவு ஆழத்தில் வைத்தீர்கள்?” பக்கத்து வீட்டுக்காரர் தம் புது வேலிக்கம்பம் சாய்கிறது என்று சொன்னாலும் இதே கேள்வி வரும், அந்த ஒரு முறை கேள்வி பொருத்தமாகவும் அமைந்துவிடும். அடுத்த தெருவில் பூக்காத பியோனி ஒன்று இருப்பதாகக் காதில் விழுந்தால் அழைக்காமலே போய் நிற்பார். இதில் அவரைக் குறை சொல்ல இடமில்லை. பூக்காத பியோனியில் பெரும்பாலும் குற்றவாளி ஆழம்தான். ஆழம் சரியென்றால் நிழல். நாளுக்கு ஆறு மணி நேர வெயிலாவது விழ வேண்டும்.

நட்ட முதல் ஆண்டு இலைதான். இரண்டாம் ஆண்டு ஒன்றிரண்டு பூ வரலாம். மூன்றாம் ஆண்டுதான் செடி தன் சுயரூபத்தைக் காட்டும். அதன் பிறகு அதைக் கிளறாமல் விட்டுவிட்டால் ஐம்பது ஆண்டுகளும் அதற்கு மேலும் ஒரே இடத்தில் பூத்துக்கொண்டிருக்கும். செய்ய வேண்டியது கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. சிக்கலே இங்குதான். கை பரபரக்கிற மனிதருக்கு ஒன்றும் செய்யாதிருப்பதைவிடக் கடினமான வேலை கிடையாது. அவர் ஐரிஸ் வளர்க்கத் தொடங்குவது இந்தக் கட்டத்தில்தான்.

ஐரிஸில் இவர் கைக்கொள்வது தாடி ஐரிஸ். தொங்கும் இதழ்களின் மேல் மயிர்வரிசை ஒன்று ஓடுவதால் அந்தப் பெயர். பியோனிக்கு எதிரான குணம் எல்லாம் அதற்கு உண்டு. குட்டையில் படுத்த எருமை மாதிரி கிழங்கின் முதுகு வெளியே தெரிந்து வெயில் காய வேண்டும்; மூடினால் அழுகிவிடும். மூன்று நான்கு ஆண்டுகளுக்கு ஒரு முறை தோண்டிப் பிரித்து நடாவிட்டால் ஒன்றன் மேல் ஒன்று ஏறிப் பூப்பதை நிறுத்திவிடும். போதாக்குறைக்குத் துளைப்புழு. இலையுதிர்காலத்தில் அந்துப்பூச்சி பழைய இலைச்சருகில் முட்டையிட்டுவிட்டுப் போகிறது. வசந்தத்தில் பொரிந்து வந்த புழு இலைக்குள் நுழைந்து, கீழே கிழங்கு வரைக்கும் தின்றுகொண்டே இறங்குகிறது. அது போன வழியே அழுகல் நோய் வந்து சேர்கிறது. அந்த நாற்றத்தை ஒரு முறை முகர்ந்தவர் மறப்பதில்லை. மே மாதக் காலை நேரத்தில் பியோனிக்காரர் பாத்தியில் குனிந்தபடி ஒவ்வோர் இலையையும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே பிடித்து, மேலிருந்து கீழாக நீவிக்கொண்டு வருவார். இலை நடுவில் சிறு புடைப்பு விரலுக்குத் தட்டுப்பட்டதும் நின்று, ஓர் அழுத்து அழுத்துவார். உள்ளே இருந்தது நசுங்கும். முகத்தில் அப்போது தெரியும் நிறைவைப் பேரக்குழந்தையின் பட்டமளிப்பு விழாவில்கூட எதிர்பார்க்க முடியாது. புழு மருந்து கடையில் கிடைக்கிறதே என்று கேட்பவர்கள் அவரைப் புரிந்துகொள்ளாதவர்கள்.

வசந்தம் வந்ததும் இவருக்கு வரும் விருந்தினர் எல்லாரும் எறும்பைப் பற்றிக் கேட்பார்கள். பியோனி மொட்டின் புறவிதழ்களில் இனிப்பு நீர் கசியும். அதற்காக எறும்பு மொய்க்கும். எறும்பு நக்கினால்தான் மொட்டு விரியும் என்று அந்தப் பக்கத்துப் பாட்டிகள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள். அது உண்மையில்லை, எறும்பு இல்லாமலும் மொட்டு விரியும். விருந்தினர் கேட்டு முடிக்கும் முன்பே பதில் தயாராக இருக்கும்: தேன்சுரப்பி, அதனால் எறும்புக்கு என்ன லாபம், மொட்டைத் தின்ன வரும் மற்றப் பூச்சிகளை எறும்பு விரட்டுவதால் செடிக்கு என்ன லாபம் என்று சொற்பொழிவு நீளும். பாட்டி சொன்னதை நம்புகிற விருந்தினர்தான் அவருக்குப் பிடித்த விருந்தினர். விவரம் தெரிந்தவர்கள் வந்தால் சுவாரஸ்யம் குறைந்துவிடும்.

மே இரண்டாம் பாதியில் ஐரிஸ் முந்திக்கொள்ளும். அது ஓயும் தறுவாயில் பியோனி விரியும். ஒரு செடியின் பூக்காலம் ஒரு வாரம், மிஞ்சினால் பத்து நாள். முன்னே பின்னே பூக்கும் வகைகளைக் கலந்து நட்டால் மொத்தம் ஆறு வாரம் வரைக்கும் இழுக்கலாம். ஆண்டு முழுதும் காத்துக்கிடந்த அந்த நாட்களில் மழை தவறாமல் பெய்யும். அடுக்கிதழ் பியோனி தண்ணீரைக் குடித்துக் கனத்து, தண்டோடு வளைந்து சேற்றில் முகம் குத்தும். அதைத் தடுக்கக் கம்பி வளையங்கள் உண்டு. அவற்றைச் செடி சிறிதாக இருக்கும்போதே, ஏப்ரலில் மாட்ட வேண்டும். இவர் மாட்டுவது மே மூன்றாம் வாரத்தில், வானிலை அறிக்கை கேட்ட பிறகு, இருட்டில், டார்ச் விளக்கை வாயில் கவ்விக்கொண்டு. கிழங்கின் ஆழத்தைக் கால் அங்குலம் பிசகாமல் அளக்கிற மனிதர் இந்த ஒன்றில் மட்டும் ஏன் ஆண்டுதோறும் தவறுகிறார் என்பதற்கு விளக்கம் இல்லை.

மே கடைசித் திங்கள், போரில் மாண்டவர்களை நினைவுகூரும் நாள். அன்று கல்லறைகளில் பியோனி வைப்பது நடுமேற்கில் நெடுநாள் வழக்கம். வீட்டில் உள்ளவர்கள் கத்தரிக்கோலோடு பாத்தியை நெருங்குவார்கள். முன்னோர் மேல் பியோனிக்காரருக்குப் பற்றில்லாமல் இல்லை. ஆனால் மிகச் சிறந்த மொட்டுகள் ஜூன் மாதக் காட்சிக்கு என்று ஒதுக்கப்பட்டவை. தாத்தாவுக்கு ஐரிஸ் போதும் என்று முடிவாகும்.

காட்சி என்றால் மலர்க்கண்காட்சி. அமெரிக்க பியோனிச் சங்கம் 1903இலும் ஐரிஸ் சங்கம் 1920இலும் தோன்றியவை. ஐரிஸில் மிக உயர்ந்த பரிசு, இங்கிலாந்தில் பள்ளி ஆசிரியராக இருந்து ஐரிஸ் ஆராய்ச்சியில் புகழ்பெற்ற வில்லியம் ரிக்காட்சன் டைக்ஸ் பெயரால் தரப்படும் பதக்கம். அது புது வகையை உருவாக்குவோருக்கு உரியது. இவர் குறிவைப்பது உள்ளூர்க் காட்சியின் முதற்பரிசான நீல நாடா. பூ முன்கூட்டியே விரிந்து தொலைத்தால் என்ன செய்வது? மொட்டு விரலுக்கு மெத்தென்று அமுங்கும் பதத்தில் வெட்டி, செய்தித்தாளில் சுற்றி, தண்ணீர் இல்லாமல் குளிர்பெட்டியில் கிடத்தினால் மூன்று நான்கு வாரம் தூங்கும். வெளியே எடுத்து அடியை நறுக்கித் தண்ணீரில் நிறுத்தினால் விரியும். பழங்களிலிருந்து வரும் எத்திலீன் வாயு பூவுக்கு ஆகாது என்பதால் குளிர்பெட்டியிலிருந்து முதலில் வெளியேற்றப்படுவது ஆப்பிள். அடுத்து, இடப்பற்றாக்குறையால், பால். ஜூன் முதல் வாரத்தில் அந்த வீட்டில் காப்பி கறுப்பாகத்தான் கிடைக்கும்.

இவரது பேச்சில் நிறங்கள் கிடையாது, பெயர்கள்தான். வெள்ளையில் சிவப்புத் தீற்று விழுந்தது 1851இல் பிரான்சில் பிறந்த ஃபெஸ்டிவா மாக்சிமா. இளஞ்சிவப்பு, 1906இல் அதே நாட்டில் நடிகை பெயரால் வெளிவந்த சாரா பெர்னார்ட். “அந்த ரோஸ் கலர் பூ” என்று யாராவது சொன்னால் செவிடர்போல் இருந்துவிடுவார். இத்தனை பெயர் தெரிந்தவர் வீட்டிலும் பெயர் தெரியாத செடி ஒன்று இருக்கும். பாட்டி வீட்டுக் கொல்லையிலிருந்து கொண்டுவந்தது. ஆன் ஆர்பரில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் நிக்கல்ஸ் பூங்காவில், 1922இல் டாக்டர் அப்ஜான் நன்கொடையாகத் தந்த தொகுப்பிலிருந்து உருவாகி 1927இல் திறக்கப்பட்ட பியோனித் தோட்டம் இருக்கிறது. ஜூன் தோறும் அங்கே போய், பாட்டியின் பூவைக் கையில் வைத்துக்கொண்டு பாத்தி பாத்தியாக ஒப்பிட்டு நடப்பார். நான்கு பெயர்கள் பொருந்தும். நான்கையும் குறித்துக்கொண்டு திரும்புவார்.

மஞ்சள் நிறம் வந்தால் மட்டும் குரல் தாழும். சாதாரண பியோனியில் நல்ல மஞ்சள் அரிது. ஜப்பானில் டோயிச்சி இட்டோ என்பவர் ஆயிரக்கணக்கான கலப்புகள் செய்து பார்த்து, 1948இல் மரப் பியோனியையும் செடிப் பியோனியையும் இணைத்து விதையெடுத்தார். அந்தச் செடிகள் பூப்பதைப் பார்க்காமலே 1956இல் காலமானார். அந்த வழியில் அமெரிக்கர் ரோஜர் ஆண்டர்சன் உருவாக்கிய பார்ட்செல்லா என்ற மஞ்சள் வகை தொடக்கத்தில் ஒரு செடி ஆயிரம் டாலர் வரைக்கும் விற்றது. அந்த விலையில் பியோனிக்காரர் ஒன்று வாங்கியிருந்தார் என்பதும், மனைவியிடம் என்ன விலை சொன்னார் என்பதும் இரண்டு தனித்தனிச் செய்திகள். ஐரிஸில் இதே போன்ற ஏக்கம் சிவப்பு. நீலம், ஊதா, பழுப்பு, கறுப்பை ஒட்டிய நிறம் எல்லாம் வந்துவிட்டன; செம்பருத்தியின் சிவப்பு தாடி ஐரிஸில் இதுவரை வரவில்லை. விலைப்பட்டியல்கள் சிவப்பு என்று அச்சிடும். இவர் வாங்குவார். செங்கல் நிறத்தில் பூக்கும்.

ஆகஸ்டில் இவரைக் கண்டால் அக்கம்பக்கத்தார் வீட்டுக்குள் போய்விடுவார்கள். ஐரிஸ் பிரிக்கும் காலம். ஒரு கிழங்கு மூன்றாண்டில் பத்தாகியிருக்கும். நடுவிலுள்ள முற்றிய துண்டுகளைக் கழித்து, இளங்கிழங்குகளின் இலையை விசிறி வடிவில் கத்தரித்து, காகிதப் பையில் போட்டுப் பெயர் எழுதுவார். இனி இந்தப் பைகள் போகும் இடம் தேட வேண்டும். தபால்காரருக்கு ஒன்று. பல் மருத்துவருக்கு இரண்டு. அடுக்குமாடிக் குடியிருப்பில் மூன்றாம் மாடியில் வசிக்கும் மருமகளுக்கு நான்கு. மறுப்பவரிடம், “இது சாகாது, தூக்கி வீசினாலும் முளைக்கும்” என்பார். வாங்கிக்கொள்பவர்கள் பயப்படுவதும் அதற்குத்தான். பியோனியில் ஒரு துண்டு கேட்டுப் பார்த்தால் மட்டும் அது இடம் மாற்றினால் முகம் கோணும் செடி, இந்த ஆண்டு வேண்டாம் என்று பேச்சை மாற்றிவிடுவார். மூன்று முதல் ஐந்து கண்ணுள்ள துண்டாக வெட்டி இலையுதிர்காலத்தில் நட்டால் பியோனியும் தாராளமாகப் பிழைக்கும். அந்தத் தகவலை இவர் வெளியிடுவதில்லை.

அக்டோபரில் பியோனித் தண்டுகளைத் தரையோடு வெட்டிக் குப்பை வண்டியில் ஏற்றிவிடுவார். சாம்பல் பூஞ்சணம் பழைய தண்டில் தங்கிக் குளிர்காலத்தைக் கழிக்கும் என்பதால் உரக்குழிக்குக்கூட அவை போகக் கூடாது. அதோடு பருவம் முடிகிறது. விலைப்பட்டியல்கள் வந்து சேரும்வரை இவர் சாதாரண மனிதராக இருப்பதாகக் குடும்பத்தார் சொல்கிறார்கள்.

முதுமையில் பெரிய வீட்டை விற்றுச் சிறிய வீட்டுக்குப் போக நேரும்போதுதான் இந்த இனத்துக்கு நெருக்கடி. அந்த நாட்டு வழக்கப்படி மண்ணில் ஊன்றிய செடி நிலத்தோடு சேர்த்தி. தனியே எழுதிக்கொள்ளாவிட்டால் வாங்குபவருக்கே உரியது. கோடையில் வீடு கைமாறும், பியோனியையோ செப்டம்பரில்தான் தோண்டலாம். ஆகவே விற்பனை ஒப்பந்தத்தில் ஒரு பிரிவு சேர்ப்பார்: விற்பவர் செப்டம்பரில் ஒரு நாள் மண்வெட்டியோடு வருவார், வாங்குபவர் தடுக்கக் கூடாது, அதுவரை தண்ணீர் ஊற்ற வேண்டும், புல்வெட்டி இயந்திரம் மூன்றடிக்குள் வரக் கூடாது. வாங்குபவரின் வழக்கறிஞர் இரண்டு முறை படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றுவார். ஐரிஸைப் பற்றி அந்த ஒப்பந்தத்தில் ஒரு வரியும் இருக்காது. அத்தனையும் புது உரிமையாளருக்கே. அது போதாதென்று கார் கொட்டகையில் ஐந்தாறு பை தனியாகவும் இருக்கும்.