போர்ஷன் முடிய வேண்டி ஒரு விண்ணப்பம்

பெருமதிப்பிற்குரிய பாடத்திட்டக் குழுவினருக்கு,

கோலார் தங்கவயல், சாம்பியன் ரீஃப் லைன் வீடுகளின் பெற்றோர் பணிந்து எழுதுவது: எங்கள் பிள்ளைகள் கேள்வி கேட்கிறார்கள். போர்ஷன் அப்படியே நிற்கிறது.

பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது, ஊர் அப்படி. வாசலுக்கு வந்தால் சாம்பல் நிற சயனைடு மேடு. "இவ்வளவு மண்ணை யார் கொட்டினது?" தங்கம் பிரித்தெடுத்த பாறையின் சக்கை என்றோம். அத்தனை பாறைக்குள் சயனைடு தங்கத்தை மட்டும் எப்படிப் பிடிக்கிறதாம்? அது பெரிய கிளாஸில் வரும் என்று தப்பித்தோம்.

அடுத்தவள் விடவில்லை. "கிணத்துக்குள்ள குளுகுளுன்னு இருக்கு. அதைவிட ஆழமான சுரங்கத்துல தாத்தா ஏன் வேர்த்துக் கொட்டினாரு?" 3 கிலோமீட்டருக்கும் கீழே பாறையே 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும் என்பது தாத்தாவுக்குத் தெரியும், உடம்பால். ஏன் என்பது சிலபஸில் இல்லை.

சரித்திரம் இன்னும் ஆபத்து. 1902இல் சிவனசமுத்திரத்தில் காவிரியின் வீழ்ச்சியிலிருந்து எடுத்த மின்சாரம் நேரே எங்கள் சுரங்கங்களுக்கு வந்தது, பெங்களூருக்கு 1905இல்தான். பெருமையாகத்தான் சொன்னோம். "அப்போ இப்ப ஏன் அப்பா விடியக்காலையில ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போறாரு?" 2001இல் சுரங்கத்தை மூடிய கதையையும் சொல்ல வேண்டியதாயிற்று. அன்றைய கணக்குப் பாடம் போச்சு.

எல்லாவற்றுக்கும் மேல் அந்த நியூட்ரினோ என்னும் துகள். 1965இல் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தாரும், ஒசாகா நகரப் பல்கலைக்கழகத்தாரும், டர்ஹாம் பல்கலைக்கழகத்தாரும் எங்கள் சுரங்கத்தில் 2 கிலோமீட்டருக்கும் கீழே கருவிகளை வைத்து, வளிமண்டலத்தில் பிறந்த நியூட்ரினோவின் தடயத்தைப் பிடித்தார்கள். உலகத்தில் முதன்முதலில் பிடித்தவர்களில் அவர்களும் உண்டு. "மேலேயிருந்து வர்றதைப் பிடிக்க எதுக்கு பூமிக்குள்ள போனாங்க?" மற்ற துகள்களின் மழையைப் பாறை தடுத்துவிடும், நியூட்ரினோ மட்டும் ஊடுருவி வரும் என்பதால்தான். பதில் கேட்ட பிள்ளை இரவு தூங்கவில்லை. இதுவரை எத்தனை என் உடம்பைத் துளைத்துப் போயிருக்கும் என்கிறது. மறுநாள் யூனிட் டெஸ்ட்!

ஆகவே எங்கள் கோரிக்கை ஒன்றுதான். மேற்கண்ட கேள்விகளையெல்லாம் தயவுசெய்து பாடப்புத்தகத்தில் சேர்த்துவிடுங்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு மதிப்பெண் போட்டு, பக்கத்தில் 'இம்பார்ட்டன்ட்' என்று குறித்து, நாலு வரி விடையும் அச்சடித்துக் கொடுங்கள். அப்புறம் ஒருத்தனும் கேட்கமாட்டான்.

இப்படிக்கு,
பதில் தெரியாத பெற்றோர்