பசூசு மேல் என்ன தப்பு?

பேய்களுக்கும் ஒரு சங்கம் இருந்திருந்தால், ‘தி எக்ஸார்சிஸ்ட்’ படம் வெளியான மறுநாளே மானநஷ்ட வழக்குப் போட்டிருக்கும். வாதி: பசூசு, த/பெ ஹன்பி, மெசபடோமியா. தொழில்: வீட்டுக் காவல்.

சிரிக்காதீர்கள். பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் சுமார் 15 சென்டிமீட்டர் உயரத்துக்கு ஒரு வெண்கலப் பசூசு நிற்கிறார். நாய் மூஞ்சி, நான்கு இறக்கை, பருந்துக் கால், தேள் வால். தலைமேல் ஒரு வளையம். எதற்கு? மாட்டி வைக்கத்தான். லமாஷ்டு என்றொரு பெண் பிசாசு பிள்ளைத்தாய்ச்சிகளையும் பச்சைக் குழந்தைகளையும் தேடி வரும். அதை விரட்ட இந்த மூஞ்சியை வீட்டில் மாட்டினார்கள், கழுத்திலும் கட்டிக்கொண்டார்கள். கட்டி முடியாத வீட்டின் முன்னால் நாக்கைத் துருத்திக்கொண்டு தொங்குகிறதே நம் திருஷ்டி பொம்மை, அதற்கு ஒன்றுவிட்ட பெரியப்பா முறை. பசூசு உத்தமர் என்று சொல்ல வரவில்லை. காற்றுப் பேய்களுக்கெல்லாம் ராஜா, பெரிய ரவுடி. ஆனால் ரவுடியையே வாட்ச்மேனாகப் போட்டால் சின்னத் திருடன் எட்டிப் பார்க்க மாட்டான் என்பது அந்தக் காலத்து அசீரியர் கணக்கு.

அந்த வாட்ச்மேன் மேல்தான், பன்னிரண்டு வயதுப் பெண்ணைப் பிடித்து ஆட்டினார் என்று ஹாலிவுட் கேஸ் ஜோடித்தது.

எஃப்.ஐ.ஆர். எழுதியவர் வில்லியம் பீட்டர் பிளாட்டி. 1949-ல் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழக மாணவராக இருந்தபோது ‘வாஷிங்டன் போஸ்ட்’டில் ஒரு செய்தி படித்தார். மேரிலாந்துச் சிறுவன் ஒருவனைப் பிசாசு பிடித்ததாம், பாதிரியார்கள் ஓட்டினார்களாம். பையனை விட்ட பிசாசு பிளாட்டியைப் பிடித்துக்கொண்டது. இருபது வருடம் இறங்கவில்லை. இடையில் பிழைப்புக்கு அவர் செய்தது காமெடி. அசட்டு இன்ஸ்பெக்டர் க்ளூஸோ வரும் ‘எ ஷாட் இன் த டார்க்’ படத்தின் திரைக்கதையில் அவருக்கும் பங்கு உண்டு. காமெடி மார்க்கெட் படுத்ததும் பழைய பேயைத் தூசி தட்டி எடுத்தார். அசல் பையன் அடையாளம் தெரியாமலிருக்க, கதையில் அவனைப் பெண்ணாக்கினார். 1971-ல் நாவல் வந்தது, விற்றுத் தள்ளியது.

படமெடுக்க வந்தவர் வில்லியம் ஃப்ரீட்கின். சிறந்த இயக்குநருக்கான ஆஸ்கரை அப்போதுதான் வாங்கியிருந்த மனிதர். 1614-ல் கத்தோலிக்கத் திருச்சபை வெளியிட்ட சடங்கு நூல், பிசாசு பிடித்ததற்கு அடையாளம் சொல்கிறது: தெரியாத பாஷை பேசுவது, மறைந்திருப்பதை அறிவது, வயதுக்கு மீறிய பலம் காட்டுவது. சட்டென்று நம்பிவிடாதே என்று முதலிலேயே எச்சரிக்கவும் செய்கிறது. அந்த நூலைக் கையில் வைத்துக்கொண்டு செட்டுக்குள் நுழைந்திருந்தால், கட்டிலில் கிடந்த சிறுமி லிண்டா பிளேரை யாரும் சந்தேகித்திருக்க மாட்டார்கள். எல்லார் கண்ணும் கேமராவுக்குப் பின்னால் போயிருக்கும்.

பேய் வந்தால் அறை குளிருமாம். மூச்சுவிட்டால் ஆவி தெரிய வேண்டும் என்றார் இயக்குநர். ராத்திரியெல்லாம் ஏ.சி.யை ஓட்டி, செட்டையே ஐஸ்பெட்டி ஆக்கினார்கள். மற்றவர்கள் ஸ்வெட்டருக்குள் நடுங்க, லிண்டா நைட்டியோடு கிடந்தாள். நடிகர்கள் திடுக்கிட வேண்டுமென்றால் நடிக்கச் சொல்வதில்லை, துப்பாக்கியால் சுடுவார். தாயாக நடித்த எலன் பர்ஸ்டினை இடுப்பில் கயிறு கட்டி இழுத்ததில் அவருக்கு முதுகெலும்பின் அடிப்பகுதி அடிபட்டது. அந்த அலறல் படத்தில் அப்படியே இருக்கிறது. பேய் கக்கும் பச்சை வாந்தி, அதாவது பட்டாணி சூப், நெஞ்சில்தான் விழும் என்று பாதிரியாராக நடித்த ஜேஸன் மில்லரிடம் சொல்லியிருந்தார்கள். முகத்தில் விழுந்தது. அந்த அருவருப்பும் நிஜம்.

உச்சக்கட்டம் இனிமேல்தான். வில்லியம் ஓ’மாலி நிஜப் பாதிரியார், படத்திலும் பாதிரியார். படிக்கட்டின் அடியில் உயிர் போய்க்கொண்டிருக்கும் நண்பனுக்குக் கடைசிச் சடங்கு செய்ய வேண்டும், கை நடுங்க வேண்டும். நடுங்கவில்லை. “என்னை நம்புகிறீர்களா?” என்று கேட்டார் ஃப்ரீட்கின். நம்புவது பாதிரியாரின் தொழிலாயிற்றே, நம்புகிறேன் என்றார். கன்னத்தில் விழுந்தது பளார். உடனே கேமரா ஓடியது. கை ஜோராக நடுங்கியது.

இத்தனைக்கும் நடுவே செட் ஒருநாள் தீப்பிடித்து எரிந்தது. வீடு போயிற்று, பேய் பிடித்த அறை மட்டும் தப்பியது. பிசாசின் வேலை என்று கிசுகிசு கிளம்பியது. மின்பெட்டிக்குள் பறந்துபோய் மாட்டிய ஒரு புறாதான் காரணம் என்றார்கள். தேவாலய ஓவியங்களில் புறா எந்தக் கட்சி என்பது ஊருக்கே தெரியும். ஆனாலும் பழி பசூசு மேல்தான். செட்டுக்கே பேயோட்டுங்கள் என்று இயக்குநர் கேட்டபோது, ஆலோசகராக இருந்த இயேசு சபைப் பாதிரியார் மறுத்துவிட்டு, ஆசீர்வாதம் மட்டும் பண்ணிவிட்டுப் போனார். விவரமான மனிதர்.

பேய்க்குக் குரல் கொடுத்தவர் மெர்சிடிஸ் மெக்கேம்பிரிட்ஜ். பச்சை முட்டையை விழுங்கி, சிகரெட்டாய் ஊதித் தொண்டையைப் புண்ணாக்கிக்கொண்டு உறுமினார். முதலில் டைட்டிலில் பெயர் இல்லை. சண்டை போட்டு வாங்கினார். பேய்க்கும் டப்பிங் கலைஞருக்கும் எந்த ஊரிலும் நியாயம் சுலபத்தில் கிடைப்பதில்லை.

1973 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள் படம் வந்தது. கேக் செரிக்கும் முன்பே ஜனங்கள் குளிரில் வரிசை கட்டினார்கள். உள்ளே போய் மயங்கினார்கள், வாந்தி எடுத்தார்கள், வெளியே வந்து நண்பர்களை அனுப்பினார்கள். பத்து ஆஸ்கர் பரிந்துரை, இரண்டு விருது. துணை நடிகை விருதில் லிண்டா தோற்றது பத்து வயது டேட்டம் ஓ’நீலிடம். லமாஷ்டுவிடமிருந்து பிள்ளைகளைக் காக்கத் தெரிந்த பசூசுவுக்கும் ஆஸ்கர் கமிட்டியிடம் செல்வாக்கு இல்லை.

இவ்வளவும் செய்த ஃப்ரீட்கின் அதுவரை நிஜப் பேயோட்டலைப் பார்த்ததே இல்லை! 43 வருடம் கழித்து, 2016 மே மாதம் ரோமில் பார்த்தார், படமும் பிடித்தார். பேயோட்டியவர் பாதிரியார் கப்ரியேலே அமோர்த். அன்று அவருக்கு 91-வது பிறந்தநாள். அவருக்கு மிகப் பிடித்த படம், கேட்க வேண்டுமா, ‘தி எக்ஸார்சிஸ்ட்’தான்.

ஏ.சி. இல்லை, கயிறு இல்லை, சூப் இல்லை. கிழவர் நாற்காலியில் உட்கார்ந்தார். ஜெபத்துக்கு முன்னால் கட்டை விரலை மூக்கு நுனியில் வைத்து, மற்ற விரல்களை விரித்து ஆட்டி, பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி பிசாசுக்குப் பழிப்புக் காட்டினார்.

கோடிக்கணக்கில் செலவழித்து ஃப்ரீட்கின் யாரைக் காட்டி நம்மைப் பயமுறுத்தினாரோ அந்த ஆசாமிக்கு, தொழில் தெரிந்தவர் கொடுத்த மரியாதை அவ்வளவுதான். பசூசுவை வாசலில் மாட்டிய அசீரியப் பாட்டிகளுக்கு இது புரிந்திருக்கும். அவர்களும் லமாஷ்டுவுக்குப் பழிப்புக் காட்டத்தானே அந்த மூஞ்சியைச் செய்து மாட்டினார்கள்.